அலுமினியக் காயிலின் கடைசி ஜாயின்ட்

மார்ச் 4

டிரான்ஸ்பார்மரின் உயர் அழுத்தக் காயிலை இனி காப்பரில் சுற்றக் கூடாதாம். அலுமினியமாம். சொன்னது யார்? என் மனைவியின் தங்கை. டிசைன் இன்ஜினியராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை. நான் இருபத்திரண்டு வருடமாகச் சுற்றுகிறேன். பாத்திரம் செய்கிற உலோகத்தை வைத்துக்கொண்டு பதினோராயிரம் வோல்ட்டோடு விளையாடப் போகிறாள் அம்மணி.

மார்ச் 7

சுற்றும்போது கம்பி மூன்று முறை அறுந்தது. "காப்பருக்கு வைக்கிற இழுப்ப இதுக்கு வைக்காதீங்க அத்தான், தளர்த்துங்க" என்றாள். தளர்த்தினேன். அறுபடவில்லை. இது கம்பியா, தையல் நூலா?

மார்ச் 11

அதே மின்சாரத்துக்கு இன்னும் தடித்த கம்பி வேண்டுமே, காயில் பூசணிக்காய் மாதிரி ஊதி நிற்கிறது. ஜாயின்ட்டுகளுக்கு ஈயம் உருக்கி சால்டர் வைக்கக் கூடாதாம். இரண்டு முனைக்கும் சேர்த்து ஒரு குழல் மாட்டி நெரிக்க வேண்டுமாம். காகிதத்தில் எழுதி மெஷினில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு! கடைசி ஜாயின்ட்டை என் வழக்கப்படி சால்டர் வைத்தே முடித்தேன். ஒட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. எப்படியோ ஒட்டவைத்து, மேலே காப்புக் காகிதம் சுற்றி மறைத்துவிட்டேன்.

மார்ச் 15

சோதனையில் கருகியது. லோடு கொடுத்து இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. "யார் குடுத்த யோசன இது?" என்று மேனேஜர் கத்தினார். "நான்தான் சார்" என்று நின்றாள். "பாத்திரக் கடைக்கு அனுப்பிடுங்க சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் 16

காயிலைப் பிரித்தாள். கருகிய துண்டை என் மேஜைமேல் வைத்தாள். ஓரத்தில் சால்டர் துளிகள்.

"இது உங்க கைவேல அத்தான்."

அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. என்ன திமிர்! சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

மார்ச் 18

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார் மேனேஜர்.

"எதனால கருகுச்சு? உங்களுக்குத் தெரியாததா?" — மனைவி.

"கம்பி சரியில்ல."

சோற்றைப் பிசைந்தபடி என்னையே கேட்டுக்கொண்டேன்: ஒரு பொண்ணு பொழப்புல மண்ணப் போட்டுட்டு உக்காந்து சாப்பிடுறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா? த்தூ.

மார்ச் 19

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "வாயத் திறக்க நாலு நாளாச்சா உனக்கு?"

மார்ச் 20

அவளைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். என்னை பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். பெட்டிக்கு ஆணி அடிக்கிறேன்.

ஏப்ரல் 9

இரண்டாவது அலுமினியக் காயில் சோதனையில் தேறிவிட்டது. அதைப் பெட்டியில் இறக்க வேண்டும். ஆள் தேடிக் கிளம்பினேன். அவள் எதிரே வந்து நின்றாள்.

"யாரும் வேணாம் அத்தான், வெயிட் கம்மிதான். அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தேன்.