மாமா மிஸ்டு கால் கொடுத்தால்

04.03.2025, செவ்வாய், காலை 7.10. பெட்டியின் சாஃப்ட்வேருக்கு டெஸ்ட் 312. பச்சை, அதாவது பாஸ், 312.
இப்பவே வேர்க்குது. ஸ்ரீரங்கம் ரூமில் ஃபேன் ஓடுவது சத்தத்துக்கு மட்டும்.
போனில் ரிங் விட்டால் போர்வெல் மோட்டாரைப் போடும், நாங்கள் செய்த பெட்டி, போன மாசம் வையம்பட்டி மாமாவின் மோட்டாரை எரித்தது. தண்ணி வற்றியும் நிறுத்தவில்லை. எரிந்த காயிலைப் புதிதாகக் கட்டி, மோட்டாரை மறுபடி போர்வெல்லில் இறக்கியாச்சு. மாமா: "மாப்ள, இன்னொரு தடவ எரிஞ்சா மெளகா காஞ்சிரும். அப்புறம் பெட்டியோட இந்தப் பக்கம் வராத." வெள்ளிக்கிழமை தண்ணி பாய்ச்சணும்.
பார்ட்னர் வரதன்: "எல்லாம் பச்சைடா. கொண்டுபோய் மாட்டு. நான் ஆத்துக்குப் போறேன்." சோம்பேறி.
கூட வேலை பார்க்கும் ஷகிலா, ரிங், கரண்ட் கட் எல்லாம் கண்டபடி கலந்து ஒரு புது டெஸ்ட் ஓட்டினாள். கரண்ட் போய் வந்தால், தண்ணி இல்லை என்பதையே பெட்டி மறக்கிறது. இதை 312-இல் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. சரிசெய்தேன். கோபம் அந்த 312 மேல்தான், அவள் மேல் இல்லை. கொஞ்சம் அவள் மேலும்.

05.03, புதன். வையம்பட்டி. பஸ்ஸில் நின்றே.
சோதித்துப் பார்க்க, மோட்டாருக்குப் பதில் பல்பு மாட்டினேன். ஒரு ரிங் விட்டால் ஓடும், மறு ரிங்கில் நிற்கும். பெட்டி போனை எடுக்காமல் கட் பண்ணும். வேலை முடிந்ததற்கு அடையாளமாகத் திருப்பி ஒரு மிஸ்டு கால்.
மாமா போன் போட்டார். பல்பு எரிந்தது.
"கட் பண்றான் மாப்ள." மறுபடி போட்டார். அணைந்தது.
பெட்டியின் மிஸ்டு கால். "பாரு, அவனே கூப்புடுறான். திருப்பிப் பேசலன்னா மரியாதையா இருக்காது." போட்டார். எரிந்தது.
"மாமா, அது பெட்டி."
"பெட்டின்னா? என் நம்பருக்குத்தான வந்துச்சு."
அத்தை எட்டிப் பார்த்து: "சீரியல் செட்டா தம்பி?"
இப்படி விட்டு விட்டுப் போட்டால், மோட்டாராக இருந்தால் புகை.

06.03, வியாழன். வெயில். சாப்பாடு பரோட்டா.
நிமிஷத்துக்கு எட்டு ரிங் யார் விடுவார்கள், டெஸ்டில் அதெல்லாம் வேண்டாம் என்று ஷகிலாவிடம் சொன்னது நான்தான். இன்று டெஸ்டுக்குள் ஒரு மாமாவையே எழுதிவிட்டாள்: கட் பண்ணினால் திரும்பப் போடுவார், மிஸ்டு கால் வந்தால் விட மாட்டார். கரண்ட் கட்டோடு சேர்த்து ஓட்டினோம். நாலு நிமிஷத்தில் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் போலி மோட்டார் காலி.
வரதன்: "மாமாவுக்கு ட்ரெயினிங் குடேன்."
ஷகிலா: "மாமாவ அப்டேட் பண்ண முடியாது வரதா. பெட்டியப் பண்ணலாம்."

நாளைக்குள்:
1. ஒரே ரிங்கில் ஆன், ஆஃப்: தூக்கு. பெட்டி போனை எடுத்துப் பேசணும். ஒண்ணு அழுத்தினா ஓடும், ரெண்டு அழுத்தினா நிக்கும்.
2. நின்ற மோட்டார் ஐந்து நிமிஷத்துக்கு ஓடக் கூடாது. யார் கூப்பிட்டாலும்.
3. 312-உம் மறுபடி. ஷகிலாவின் கலவை. போலி மாமா. மூன்றும் சேர்ந்து. ஒன்று சிவப்பானாலும் பஸ் ஏறுவதில்லை.
4. பெட்டி பேசினால் மாமா நலம் விசாரிப்பார். போலி மாமாவுக்கும் அதைச் சொல்லிக்கொடு.
5. நிஜ மாமா போன் போடும்போது மெயின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நில்.