கையை ஆட்டாமல் ஒரு நடனம்

வியாழன், இரவு

இன்று நடந்ததை, என் கோபம் உட்பட, மறைக்காமல் எழுதப் போகிறேன்.

வேப்பந்தட்டையிலிருந்து வந்த அத்தை, பெரம்பலூர் டான்ஸ் கிளாஸில் நான் கற்கும் ஐரிஷ் நடனத்தை ஆடிக் காட்டச் சொன்னார். கைகளை உடலோடு ஒட்டி வைத்து, கால்களால் மட்டும் ஆடினேன்.

“ஏன்டி, கையில சுளுக்கா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

“இனிமே கிளாஸுக்குப் போவ வேணாம்” என்றார் அப்பா.

நான் அத்தையிடம் திரும்பினேன். “கைய அசைக்காம இருக்கறதுதான் கஷ்டம் அத்த. நீங்க கைய ஆட்டாம உங்க மாமியாரப் பத்திப் பேசுங்க பாப்போம்.”

அத்தை பேசத் தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்திலேயே அவருடைய வலது கை மேலே போய்விட்டது. அப்பாவும் சிரித்தார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

சனிக்கிழமை கிளாஸுக்குக் கிளம்பும்போது அவர் எதிரிலேயே ஷூவைப் பையில் வைப்பேன். கேட்டால், “போயிட்டு வரேம்ப்பா” என்று மட்டும் சொல்வேன்.

அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.