மூன்றாவது சொட்டு

ஜூன் 2, திங்கள்

இன்றோடு பன்னிரண்டு நாள். நான் தனி வீட்டுக்காரி. இன்னொரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்: தனி வீட்டுக்காரி. நாற்பத்தேழு வயசில் முதல் தடவையாக என் பையில் என் வீட்டுச் சாவி. காலையில் குளியலறையில் அரை மணி நேரம் இருந்தேன். யாரும் கதவைத் தட்டவில்லை. தட்ட ஆளில்லை என்பது ஞாபகம் வந்து உள்ளேயே சிரித்தேன்.

அண்ணன் வீட்டில் ஒன்பது பேர். அண்ணன், அண்ணி, பிள்ளைகள் மூன்று பேர், மூத்தவன் மனைவி, அவளுடைய இரட்டை வாலுகள், அப்புறம் நான். இருபத்தொரு வருஷமாகத் துணி என் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து என் துணிமணி தவிர நான் கொண்டுவந்தது ஒரே ஒரு பொருள், சோப்புத்தூள் அள்ளும் சில்வர் டம்ளர். ஓரம் நசுங்கியது. அது இல்லாமல் எனக்குக் கை ஓடாது.

வாஷிங் மெஷின் புதுசு. சின்னது, வட்டக் கண்ணாடிக் கதவு. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் நாலு சட்டையும் வெறும் தண்ணீரில் சுற்றுவதை முழுசாகப் பார்த்தேன் (சோப்புத்தூள் இனிமேல்தான் வாங்கணும்). பைத்தியம் என்றால் இதுதான்.

அண்ணன் போன் செய்தார். "உன் ரூம் அப்படியேதான் இருக்கு. பதினஞ்சாம் தேதி ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கறேன். ஏதாவது சரிப்படலைன்னா அன்னிக்கே சாமானை ஏத்திடலாம்." வண்டிக்காரரிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டாராம். என்ன நம்பிக்கை என் மேல்.

ஜூன் 4, புதன்

துணியைப் போட்டுவிட்டு ஹாயாகக் கால் நீட்டினேன். கீழேயிருந்து விசில்.

நிஜ விசில்தான். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா தெருக்கோடி நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவர். ஊரே கோச் என்று கூப்பிடுகிறது, நானும் கூப்பிடுகிறேன். பகலெல்லாம் தண்ணீரில் ஊறுகிற அந்த மனுஷிக்கு வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது. முன்னால் இருந்தவர்கள் குழாயைத் திறந்துவிட்டு வெளியூர் போய், கோச்சின் கூரை பெயர்ந்து கட்டிலில் விழுந்ததாம். அதனால் குடிவரும்போதே சொல்லிவிட்டார்: "ரெண்டு தடவை பொறுப்பேன். மூணாவது சொட்டுக்குச் சாவியைக் கொடுத்துடணும்." நானும் பெரிய இவள் மாதிரி, "ஒரு சொட்டு விழாதுங்க" என்றேன்.

வாசலில் வந்து நின்றார், தலை ஈரம், கழுத்தில் விசில். "மேல்வீடு, ஒண்ணு."

பார்த்தால் மெஷினுக்குக் கீழே குளம். பழைய துண்டு, புதுத் துண்டு, தலையணை உறை, எல்லாவற்றையும் போட்டு ஒற்றி எடுத்தேன். ஒற்றின துணியைத் துவைக்கவேண்டும். எதில் துவைப்பது?

ஜூன் 5, வியாழன்

அண்ணன் வீட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வண்டி இன்றைக்கே வாசலில் நிற்கும்.

நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். பிரேமில் லென்ஸ் பொருத்துவது என் வேலை, அரிசி அளவு திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவேன். ஆனால் என் ஸ்க்ரூடிரைவர் எல்லாம் தீக்குச்சி சைஸ். குழாயிலிருந்து மெஷினுக்குப் போகிற டியூப்பின் நட்டோ என் முஷ்டி சைஸ். சைக்கிள் கடைக்காரரிடம் ஸ்பேனர் கேட்டு வாங்கிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகு. பிறகு இன்னொரு திருகு, மனசு கேட்காமல்.

ஸ்பேனரைத் தோளில் சாய்த்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

சொட்டவில்லை. (துணி போடவில்லை.)

ஜூன் 8, ஞாயிறு

விசில்.

"மேல்வீடு, ரெண்டு."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். டியூப், நட்டு, சுவர் எல்லாம் காய்ந்துகிடக்கிறது. மெஷினுக்கு அடியில் மட்டும் தண்ணீர். எங்கேயிருந்துதான் வருது? எனக்கென்று ஒன்று வாங்கினால் அதுகூட என்னைப் பார்த்து அழணுமா?

அழவில்லை. அழுதால் அதையும் துடைக்கவேண்டும்.

ஜூன் 9, திங்கள்

மெக்கானிக் வந்தார். குனியவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே, "கதவு ரப்பர் போயிடுச்சு. ஆர்டர் போட்டா இருபதாம் தேதி வரும்" என்றார்.

"புது மெஷினுங்க."

"புதுசுலயும் போகும்."

இருபதாம் தேதி. அண்ணன் வருவது பதினைந்தாம் தேதி. அதற்குள் ஒரு விசில் கேட்டால் போதும், நான் பழைய ரூமில், பழைய கட்டிலில், ஒன்பது பேர் துணிக்கு நடுவில். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் கஷ்டம், யார்மேலும் கோபப்பட்டுக்கொண்டு வெளியே வரவில்லை நான். ஒரு கதவு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதை யாருக்கும் விளக்க முடியவில்லை. இந்த நோட்டுக்குப் புரிகிறது.

ஜூன் 10, செவ்வாய்

எழுதக் கை பறக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் கொஞ்சம் மெஷின் காலடியில் தேங்கியிருந்தது. விரலால் தொட்டுத் தேய்த்தேன், வழுக்கிற்று. கடையில் லென்ஸ் கழுவுகிற சோப்புத் தண்ணீரை இருபது வருஷமாகத் தேய்த்த விரல்கள் இவை, இதுகள் பொய் சொல்லாது. ஒரு வீணான லென்ஸில் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டு, பக்கத்தில் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தேன். குழாய்த் தண்ணீர் காய்ந்த இடம் கிட்டத்தட்டத் தெளிவு. மற்றது வெள்ளையாகப் படை கட்டிவிட்டது. சோப்பு.

அப்படியென்றால் தண்ணீர் மெஷினுக்குள் வருகிற வழியில் ஒழுகவில்லை. உள்ளே போய், சோப்போடு கலந்த பிறகுதான் வெளியே வருகிறது. நான் அந்த நட்டைத் திருகிய திருகெல்லாம் தண்டம்.

கடையில் சக ஊழியரிடம் இதைச் சொன்னேன். "லீவு போட்டு ரெஸ்ட் எடுங்க" என்றார்.

ஜூன் 11, புதன்

சோப்புத்தூளே போடாமல் வெறும் தண்ணீரில் இரண்டு சட்டையை ஓடவிட்டேன். மெஷினைச் சுற்றி லென்ஸ் துடைக்கிற டிஷ்யூ பேப்பர் பரப்பி, நான் தரையில் குப்புறப்படுத்து டார்ச் அடித்துக்கொண்டு. ஒரு மணி நேரம். ஒரு பேப்பர்கூட நனையவில்லை.

கதவு ரப்பர் போயிருந்தால் வெறும் தண்ணீரும் ஒழுகணும் இல்லையா? ஒழுகவில்லை. மெக்கானிக் ஐயா, நீங்கள் குனிந்திருக்கலாம்.

ஆக, சோப்பு போட்டால்தான் ஒழுகுகிறது. மெஷினில் தூள் போடுகிற சோப்புப் பெட்டியில் எங்கோ கீறல் இருக்கணும். பெட்டியை வெளியே இழுத்து, கடைப் பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினேன். கீறலே இல்லை. எனக்குத்தான் எங்கேயோ மரை கழண்டிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

சோப்பு போட்டு ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். சோப்பு போட்டால் ஒழுகும். ஒழுகினால் மூணு. நாள் முழுக்க இதையே யோசித்து ஒருவருக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

கீழே போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். நாளை மதியம் வேண்டுமென்றே ஒழுகவிடப்போகிறேன், அனுமதி வேண்டும் என்று.

கோச் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருஷத்துல யாரும் முன்கூட்டி வந்து சொல்லி ஒழுகவிட்டதில்லை" என்றார். "எத்தனை மணிக்கு?"

ஜூன் 14, சனி

வயிறு இன்னும் வலிக்கிறது, சிரித்துச் சிரித்து.

கோச் இரண்டு மூட்டையோடு வந்தார். நீச்சல் குளத்துத் துண்டுகள், முப்பது இருக்கும். மெஷினைச் சுற்றி அணை கட்டினோம். வேலையைப் பார்த்தால் வெள்ள நிவாரண முகாம் மாதிரி இருந்தது. நான் கதவுப்பக்கம் படுத்துக்கொண்டேன், கோச் சோப்புப் பெட்டிக்கு எதிரில் முட்டிபோட்டார், வாயில் விசில். தண்ணீர் வந்தால் ஊதுவதாக ஏற்பாடு. நீங்கள் என் பக்கத்திலேயேதானே இருக்கிறீர்கள், வாயால் சொன்னால் போதாதா என்றேன். "பழகிடுச்சு" என்றார்.

டம்ளரில் சோப்புத்தூளைத் தலைதட்டி அள்ளி, பெட்டியில் கொட்டி, பட்டனை அமுக்கினேன். மூன்று சட்டை, ஒரு துண்டு.

பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் வட்டக் கண்ணாடிக்குள் சட்டைகள் மறைந்தன. வெறும் நுரை. நுரை மேலே மேலே ஏறி, சோப்புப் பெட்டியின் இடுக்கு வழியாக வெள்ளை மீசை மாதிரி எட்டிப் பார்த்தது. மீசை தாடியாச்சு. தாடி வழிந்து மெஷினின் முகத்தில் இறங்கி, சத்தமில்லாமல் அடியில் போய்த் தண்ணீராகிறது. விசில் காதைப் பிளந்தது.

மெஷினை நிறுத்தினேன். கோச் நுரையை ஒரு கை அள்ளிப் பார்த்தார். "ஏங்க, இவ்வளவு தூளா போடுவாங்க?"

"இவ்வளவுதான் போடணும். எங்க வீட்டுல எப்பவும் தலைதட்டி ஒரு டம்ளர்..."

கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன்.

எங்க வீட்டுல. ஒன்பது பேர். பெரிய மெஷின், வாய்வரைக்கும் துணி. அதற்கான டம்ளர் இது. வீட்டை மாற்றினேன், மெஷினை மாற்றினேன், கையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இங்கே நான் ஒருத்தி. என் மூன்று சட்டைக்கு ஒன்பது பேர் சோப்பு.

மெஷினில் ஒரு குறையும் இல்லை. ஒழுகினது நான்.

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. முப்பது துண்டுக்கு நடுவில் இரண்டு பேரும் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, ஒருத்தர் நிறுத்தினால் இன்னொருத்தர் டம்ளரைத் தூக்கிக் காட்டி, மறுபடியும். நடுவில் ஒரு நிமிஷம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், ஒன்பது பேரையும் நினைத்து. சொன்னேன். கோச் ஒரு துண்டை எடுத்து நீட்டினார், அது சொட்டச் சொட்ட ஈரம். மறுபடியும் சிரிப்பு.

பிறகு அவர் கீழே ஓடிக் கூரையைப் பார்த்தார். காய்ந்திருந்தால் ஒரு விசில், நனைந்திருந்தால் இரண்டு. மாடிப்படியில் நின்று காத்திருந்தேன். ஒன்று கேட்டது. அடுத்தது வருமா, வருமா... வரவில்லை.

வெறும் தண்ணீரில் மூன்று தடவை ஓடவிட்டு நுரையைப் போக்கினேன். நாலாம் தடவை, ஒரு ஸ்பூன் தூள். ஒரே ஒரு ஸ்பூன். போடும்போது கஞ்சத்தனம் பண்ணுகிற மாதிரி இருந்தது. சட்டை நன்றாகத்தான் வெளுத்தது. தரையில் பேப்பர் மொடமொடவென்று இருந்தது.

ஜூன் 16, திங்கள்

நேற்று எழுத நேரமே இல்லை. சொன்னபடி அண்ணன் வந்தார், வண்டியோடு. வண்டிக்காரர் கயிறெல்லாம் எடுத்துவந்திருந்தார்.

அண்ணன் வீட்டைச் சுற்றிவந்தார். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், ஜன்னலை ஆட்டினார். ஒன்றும் கிடைக்காமல் முகம் சுருங்கிப்போச்சு. பாவமாக இருந்தது. நானே ஒழுகின கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன், விசில், லென்ஸ், தாடி எல்லாம். சிரிப்பார் என்று பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம வீட்டு மெஷினும் ஒரு வாரமா ஒழுகுது" என்றார். "அண்ணி உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டா. சொன்னா நீ கிளம்பி வந்துடுவியாம்."

அண்ணி. என் அண்ணி அப்படிச் சொன்னாளா?

சாமானை ஏற்ற வந்த வண்டியில் அண்ணனோடு நான் மட்டும் ஏறினேன். ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையில் டம்ளர். வண்டிக்காரர் கயிற்றைத் திரும்பச் சுற்றிவைத்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

அங்கே போய்க் குனிந்தேன். மெஷினின் கால்பக்கம் ஒரு சின்ன மூடி, உள்ளே பில்டர். மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றிச் சுத்தம் செய்வேன். நான் செய்தேன் என்பது யாருக்கும் தெரியாது, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்த மாசம் செய்ய ஆளில்லாமல் தண்ணீர் வடிவது நின்றிருக்கிறது. அண்ணன் கண்டுபிடித்துத் திறந்திருக்கிறார், உள்ளேயிருந்த தண்ணீரெல்லாம் அவர்மேல். பயத்தில் மூடியைக் கோணலாகத் திருகியிருக்கிறார். ஹேர்பின் நாலு, பட்டன் இரண்டு, இரட்டை வாலுகளில் ஒன்றின் காலுறை, எல்லாம் எடுத்தேன். மூடியை மரையில் உட்காரவைத்து நேராகத் திருகினேன். அண்ணன் டார்ச் பிடித்தார். "இதையெல்லாம் நீதான் பண்ணிட்டிருந்தியா" என்று இரண்டு தடவை கேட்டார். முதல் ஞாயிறு, மறக்காதீங்க என்று காலண்டரில் அவர் கையாலேயே வட்டம் போடவைத்தேன்.

என் ரூமை எட்டிப் பார்த்தேன். ஒழுகின வாரத்தில் கையால் துவைத்து அங்கே கொடி கட்டிக் காயப்போட்டிருக்கிறார்கள். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்திருந்தார்கள். அண்ணன் அவசரமாக, "கழட்டிடறேன்" என்றார். இருக்கட்டும் அண்ணா, நல்ல காற்று வருகிற ரூம் என்றேன்.

கிளம்பும்போது டம்ளரை மெஷின்மேல் வைத்தேன். அண்ணி வந்து அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எவ்வளவு போடுவே?"

"தலைதட்டி ஒரு டம்ளர். இல்ல, இருங்க. இனிமே ஒரு விரல் குறைச்சுப் போடுங்க."

"ஏன் குறைக்கணும்?"

"எட்டுப் பேர்தானே அண்ணி."

அண்ணி டம்ளருக்குள் விரலை விட்டு அளந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. அப்புறம், "சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு, உன் வீட்டுக்குக் கிளம்பு" என்றாள்.

ஜூன் 18, புதன்

துணி போட்டேன். ஒரு ஸ்பூன்.