டெண்டரில் ஒரு வரி காலி

ரிச்லேண்ட்,
ஏப்ரல், ஞாயிறு காலை.

அன்புத் தம்பி வென்டெலுக்கு,

அக்கா லோர்னா எழுதுவது. இங்கே நானும் நாயும் நலம். அங்கே தெற்குக் கரோலினாவில் நீயும் உன் மனைவி டெனிஸும் நலம்தானே என்று வழக்கம்போல எழுதக் கை வரவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே. போனில் கேட்டால் வேடிக்கை பேசி நழுவிவிடுவாய். அலுவலக மின்னஞ்சலில் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள். அதனால் நாளைக்கே கையில் கிடைக்கும்படி கூரியரில் அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

வாரம் முழுக்கப் புழுதிக் காற்று. காய்ந்த முட்செடிகள் உருண்டு வந்து வேலி மறையும் அளவுக்குக் குவிந்து கிடக்கின்றன. அஸ்பாரகஸ் தண்டு அறுவடை ஆரம்பித்துவிட்டது. ஊறுகாய் போட்டேன். தின்பதற்கு நீ இல்லாததால் பாதி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

டெண்டர் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா வேலை பார்த்த அரசாங்க ஆலையின் பழைய பட்டறைக் கட்டடத்தைச் சுத்தம் செய்து இடிக்கும் வேலையில், எங்கள் கம்பெனி சார்பில் களத் தலைவனாக உன் பெயரைத்தான் போட்டிருக்கிறோம். உனக்குத் தெரிந்ததுதான். நாங்கள் படும் பாடுதான் உனக்குத் தெரியாது. புதன்கிழமை மதியத்துக்குள் அரசாங்கத்திடம் கொடுத்தாக வேண்டும். சொன்ன அளவுக்கு மேல் ஒரு பக்கம் கூடினாலும் அந்தப் பக்கத்தைப் படிக்கவே மாட்டார்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் எங்கள் கிளையை மூடிவிடுவதாகத் தலைமையகம் சொல்லிவிட்டது. என் முதலாளி ஹேவர்காம்ப் தினமும் என் மேசைக்கு வந்து அதே பாட்டைப் பாடுகிறார். "நம்ம கையில இருக்கிற ஒரே துருப்புச் சீட்டு உன் தம்பிதான் லோர்னா. மத்ததெல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கு." அவர் சொல்வது பொய்யில்லை. இந்த மாதிரி வேலையில் ஆளைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள்.

வியாழக்கிழமை சிவப்புக் குழு உட்கார்ந்தது. வெளியிலிருந்து அனுபவசாலிகளை வரவழைத்து, அவர்களை அரசாங்க அதிகாரிகளாகப் பாவித்து, நாங்கள் எழுதியதைக் கிழிக்கச் சொல்வோமே, அந்தச் சடங்கு. ஆயுள் முழுக்க டெண்டர்களுக்கு மதிப்பெண் போட்டு ஓய்வு பெற்ற லிண்ட்குவிஸ்ட் வந்திருந்தார். சிரித்தால் பல் கொட்டிவிடும் என்று நினைக்கிற மனிதர். 'வென்டெல் முழு உடல் தகுதியுடன் வேலை முடியும்வரை களத்தில் இருப்பார்' என்று நான் எழுதிய வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'சான்று எங்கே?' என்று எழுதிவிட்டார். அவன் என் தம்பி, எனக்குத் தெரியாதா என்று சிரித்தேன். "அப்போ சுலபமாப் போச்சு. கேட்டு எழுதிக் குடும்மா" என்றார்.

அதற்காகத்தான் உன் வீட்டுக்குப் போன் செய்தேன். நீ வெளியே போயிருந்தாய். போன வருட மருத்துவப் பரிசோதனைச் சீட்டின் தேதி வேண்டும் என்று டெனிஸிடம் கேட்டேன். அவள் மெல்லக் கேட்டாள். "அக்கா, டென்வர்ல டாக்டர் சொன்னதை அவரு உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

பெரிலியம் என்ற உலோகத்தின் தூசு. அப்பாவின் நெஞ்சில் படிந்த அதே தூசு. பள்ளி விடுமுறையில் அப்பாவோடு அந்தப் பட்டறைக்குப் போய்க் கூட்டிப் பெருக்கினாயே, அப்போது உள்ளே போனது. இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். டெனிஸிடம் கோபித்துக்கொள்ளாதே. கிறிஸ்துமஸிலிருந்து அவள் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது. போன மாதம் டெண்டர் நேர்காணலுக்கு வீடியோவில் ஒத்திகை பார்த்தபோது இருமினாய். "மகரந்தம்க்கா, ஊரெல்லாம் பூத்துக் கிடக்கு" என்றாய். நானும் நம்பினேன். அப்பாவும் காற்றில் தூசு, காற்றில் தூசு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஆக்சிஜன் குழாயோடு அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் உட்கார வைத்தவன் நீதான். அடக்கம் முடிந்து திரும்பும்போது "அந்தக் கட்டடத்தை ஒருநாள் என் கையால இடிப்பேன்" என்று சொன்னவனும் நீதான். ஏன் மறைத்தாய் என்று எனக்குப் புரிகிறது வென்டெல். புரிவதால்தான் அதிகம் வலிக்கிறது.

ஹேவர்காம்பிடம் உன் நோயைச் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. நீ வருவது சந்தேகம் என்று மட்டும் சொன்னேன். அவர் அசரவில்லை. "உன் தம்பி கையெழுத்துப் போட்ட உறுதிக் கடிதம் இருக்குல்ல? ஜெயிச்சப்புறம் ஆளை மாத்திக்கலாம். ஊர் உலகத்துல நடக்காததா?" என்றார். மாப்பிள்ளையைக் காட்டிவிட்டு மோதிரம் போட வேறு ஆளை அனுப்புகிற வேலை என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் பயம் அதுவல்ல. உன் பெயர் அந்தத் தாளில் இருந்தால் நீ விலகமாட்டாய். முகமூடியை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே நுழைவாய். அந்தக் கட்டடத்துக்குள் உனக்கு நானே வழி எழுதித் தரமாட்டேன்.

என் பிழைப்பே குறையை நிறையாக எழுதுவதுதான். கம்பெனி தாமதித்தால் 'நிதானம்' என்று எழுதுவேன். ஆள் போதாவிட்டால் 'கட்டுக்கோப்பான சிறு அணி' என்று எழுதுவேன். உன்னைப் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் விடிந்ததிலிருந்து எழுதி எழுதி அடிக்கிறேன்.

அதனால் அந்தப் பக்கத்தையே இத்துடன் வைத்திருக்கிறேன். வரி இருந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உனக்கு முழு உடல் தகுதி இருக்கிறது என்று நீயே உன் கையால் எழுது. கீழே டென்வர் டாக்டரிடம் கையெழுத்து வாங்கு. வாங்கிப் போனில் படமெடுத்து அனுப்பினால் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் சேர்க்கிறேன். செவ்வாய் மாலைக்குள் வராவிட்டால் எங்கள் ஆள் ரமோனாவின் பெயரைப் போட்டுக் கொடுத்துவிடுவேன். அவள் கெட்டிக்காரி, ஆனால் பெயர் எடுக்காதவள். மதிப்பெண் குறையும். தோற்றாலும் தோற்போம், என் நாற்காலியும் போகும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வரி காலியாகவே இருந்தால் அந்தத் தாளை எனக்குத் திருப்பி அனுப்பாதே. டெனிஸைக் கூட்டிக்கொண்டு நீ வா. ஒரு ஜாடி ஊறுகாயைத் திறக்காமல் வைத்திருக்கிறேன். அந்தக் கட்டடம் யார் இடித்தாலும் இடியும். அன்றைக்குக் காற்று நம் முதுகுப் பக்கமிருந்து அடிக்கும்படி, நெடுஞ்சாலை ஓரம் தூரமாக இடம் பார்த்து நாற்காலி போட்டு வைக்கிறேன். அப்பா பெயரைச் சொல்லி நாம் இரண்டு பேரும் பார்க்க வேண்டும் தம்பி. நான் ஒருத்தியாக உட்கார்ந்து பார்க்கும்படி வைத்துவிடாதே.

நெஞ்சு நிறைய மூச்சோடு நூறு வயது இரு.

உன் அக்கா,
லோர்னா