மாளிகையைக் கட்டியவர்

யான்பு, சவூதி அரேபியா, 14 மே 1985

எங்கள் மேனேஜருக்கு வட இங்கிலாந்தில், பன்னிரண்டு வீடுகளே உள்ள ஒரு குக்கிராமத்தில், பரம்பரை மாளிகை இருக்கிறது. கூரை ஒழுகுவதால், அதைச் செப்பனிடும் காசுக்காக அவர் இந்தப் பாலைவனத்தில் வேலை பார்க்கிறார். மாளிகையைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்காக அதன் வரலாற்றை எழுதி, இன்று என்னிடம் டைப் செய்யத் தந்தார். அவருடைய பூட்டனார் கண்டியில் கோப்பித் தோட்டம் நடத்தி, சொந்த உழைப்பால் கட்டியதாம். என் பூட்டனார் கண்டியில் கோப்பி பறித்தவர். ஆகவே, ‘தோட்டக் கூலிகளின் உழைப்பால்’ என்று திருத்தினேன்.

“அதை எடுத்துவிட்டு வா. உன் லீவை அப்புறம் பார்க்கலாம்” என்றார் மேனேஜர். மூன்று வருடமாகக் காத்திருக்கும் லீவு.

“அண்ணே, அவரு சொன்னபடி அடிச்சிக் குடுத்துட்டு ஊரு போய்ச் சேருங்க” என்றான் பக்கத்து மேசை முருகேசு.

கூலி என்பது மரியாதைக் குறைவான சொல்தான். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என் பூட்டனாரின் பெயரைத் தகப்பன் பெயரோடு அடித்து, மேனேஜர் மேசையில் கிடந்த என் லீவு விண்ணப்பத்துக்கு மேலே வைத்துவிட்டு வந்தேன்.