கண்ணில் ஒற்றிக்கொண்ட கை

என் வசந்தாவுக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பாய். போன இடத்தில் உனக்கென்ன குறை? விடிந்தால் பால் கறக்க வேண்டாம், எனக்கு டிபன் கட்ட வேண்டாம். இங்கே எல்லாரும் நலம். செவலை போன மாதம் கன்று ஈன்றது. மாட்டைக் கண்டால் தள்ளி நிற்கிற நான்தான் பிரசவம் பார்த்தேன் என்றால் நம்புவாயா? பார்க்கத்தான் செய்தேன், வேலையெல்லாம் டாக்டர் செய்தார்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற இடத்தில் போடப்போகிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்வது உனக்குப் பிடிக்காது. இது சொல்ல வேண்டிய விஷயம், பொறுத்துக்கொள்.

நம் அபிநயா பிரான்சில் படிக்கிறாள். நீ போன மறு வருடம் கிளம்பினாள். கால்நடை அறிவியலில் மேல்படிப்பு. "படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போவணும்" என்று பள்ளிக்கூட நாளெல்லாம் திட்டுவாயே, அந்த வாய் முகூர்த்தம்தான். விழுந்து விழுந்து படித்துவிட்டு மாட்டிடமே போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

காரைக்காலில் பெண் பிரான்சு போகிறாள் என்றால், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவனைக் கட்டிக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைப்பார்கள், உனக்குத் தெரியாதா? விழிதியூரில் பஸ் ஏறி ஆபீஸ் போய் இறங்குவதற்குள், மாப்பிள்ளை பிரெஞ்சு நேஷனாலிட்டியா என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டார்கள். உன் அண்ணன் கோவில்பத்திலிருந்து வண்டி போட்டுக்கொண்டு வந்தே கேட்டார்.

"ஏன் மாப்ள, கட்டிக்கிட்டுப் போனா ஒரு அர்த்தம் இருக்கு. மாடு பாக்கவா பிரான்சு? நம்ம கொட்டாய்லயே நிக்கிதே?"

"மாட்டு வயித்துக்குள்ள என்னா நடக்குதுன்னு புள்ள படிக்கப் போவுது மச்சான்."

"வைக்கோல்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். நீ இருந்திருந்தால் அண்ணன் என்றும் பார்க்காமல் ரெண்டு விட்டிருப்பாய். எனக்கு அந்தத் திறமை இல்லை.

போன குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு செய்முறைத் தேர்வு. மடிநோய் இருக்கிறதா என்று சோதிக்க, மாட்டிடமிருந்து கொஞ்சம் பாலைச் சுத்தமாக எடுக்க வேண்டும். கையுறை போட்ட கை வேறெதிலும் படக் கூடாது, முகத்துக்குப் போகவே கூடாது. மாட்டுக்கு வருவது மனுசருக்கும் தொற்றுமாம். இதில் தேறாவிட்டால் அடுத்த ஆண்டுப் படிப்பு இல்லை. படிப்பு நின்றால் விசாவும் நிற்கும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், போனில் அவள் முகம். அழுது வீங்கியிருந்தது.

"போச்சுப்பா."

"என்னாம்மா போச்சு?"

"மாடு நகந்துச்சு. என் பூட்ஸு அது கால்ல இடிச்சிருச்சு."

மாடு உதைத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். "அடி பட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. என் கால் அது மேல பட்டுச்சுல்ல. தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்."

ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டேன். வேறு யார் கை அது? புத்தகத்தில் கால் பட்டால் தொட்டு ஒற்றுவாய், முறத்தில் பட்டால் ஒற்றுவாய், மாட்டில் பட்டால் கேட்கவே வேண்டாம். என் ஆபீஸ் பையில் இடித்துக்கொண்டதற்கும் ஒருநாள் ஒற்றிக்கொண்டாய். "அப்புடியே பஸ் டயரையும் தொட்டுக் கும்புட்டுட்டு வா" என்று நான் கேலி செய்வேன். நடை பழகிய காலத்திலேயே அவளும் உன் பின்னால் குனிந்து குனிந்து ஒற்றினாள்.

தேர்வு நடத்திய பேராசிரியர் அம்மா அங்கேயே நிறுத்திவிட்டாராம். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டிருக்கிறார், இவளும் சொல்லியிருக்கிறாள். கோபப்படவில்லையாம். "மாட்டுக்கு மரியாதை செய்தாய், சரி. உன் கண்ணுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டுவிட்டு ஃபெயில் போட்டார். அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு, அதுவே கடைசி.

"அவங்க சொல்றது சரிதாம்பா. ஆனா கை தானா போவுது. மறுபடியும் போச்சுன்னா?"

கையைக் கட்டிப்போடு என்றா சொல்வேன்? வீட்டுக்கு வந்து உன் படத்துக்கு முன்னால்தான் நின்றேன். உன்னால் வந்த வினை, நீயே தீர்த்து வை என்றேன். காதில் விழுந்ததா?

அந்த வாரம் முழுக்க அறையில் புத்தகங்களைத் தரையில் போட்டு, வேண்டுமென்றே காலால் இடித்து, கையை அடக்கிப் பழகியிருக்கிறாள். ஒவ்வொரு புத்தகத்திடமும் மனசுக்குள் மன்னிப்பு வேறு.

மறுதேர்விலும் அதே மாடு. அதே போல் நகர்ந்தது, அதே போல் பூட்ஸ் இடித்தது. பிறகு நடந்ததை அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

"கை போயிருச்சுப்பா. மாட்டைத் தொட்டுட்டேன். ஆனா அங்கயே வச்சுக்கிட்டேன். 'ஒண்ணுமில்லடி, சும்மா நில்லு'ன்னு அம்மா மாதிரியே சொன்னேன். அது நின்னுச்சு. புதுக் கையுறை மாத்திக்கிட்டு, பாலை எடுத்துக் குடுத்துட்டேன். என்னா சொன்ன அதுகிட்டன்னு மேடம் கேட்டாங்க. எங்கம்மா மாட்டுக்கிட்ட சொல்றதுன்னேன்."

"பாஸா?"

"பாஸுப்பா. கையுறையக் கழட்டிட்டு சோப்பு போட்டுக் கையக் கழுவுனேன். வெளிய வந்து அப்பறமா கண்ணுல ஒத்திக்கிட்டேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை வசந்தா. சட்டத்தையும் மீறவில்லை, உன்னையும் விடவில்லை. இதைவிடப் பெரிய பட்டம் அந்தக் கல்லூரி என்ன கொடுத்துவிடப் போகிறது? உன் அண்ணன் இப்போது டீக்கடையில், "எம் மருமவ பிரான்சுல மாட்டு டாக்டருங்களுக்கே பாடம் எடுக்குது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை. நன்றாகத்தானே இருக்கிறது?

நேற்றுக் காலை கொட்டகையில் கன்றுக்குட்டி துள்ளி வந்து என் காலில் மோதியது. குனிந்து தொட்டேன். அக்கம்பக்கம் பார்த்தேன், யாரும் இல்லை. குழாயடிக்குப் போய் உன் மகள் சொன்ன மாதிரி சோப்பு போட்டுக் கழுவினேன். பிறகு ஒற்றிக்கொண்டேன். கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

இனி அதற்காக உன்னைக் கேலி செய்ய மாட்டேன், இது சத்தியம். மற்றதற்கெல்லாம் செய்வேன்.

நீ ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாத உன் வீட்டுக்காரன்,
அபிநயாவின் அப்பா