மடித்துத் தைத்த அரை அங்குலம்

ஜூன் 9, திங்கள்

பத்து நாளுக்குப் பிறகு கடையைத் திறந்தேன். பள்ளிச் சீருடைகள் வெட்டி வைத்தபடியே கிடக்கின்றன. மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். அப்படியும் முதல் தையலிலேயே நூல் அறுந்தது. கோபித்துக்கொண்டிருக்கிறது போல.

எங்கள் மகள் பொடிசை நேற்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஒரு வயது எட்டு மாதம் அவளுக்கு. இடது தொடை எலும்பின் உருண்டை இடுப்புக் குழியில் உட்காராமல் பிறந்ததிலிருந்தே விலகி இருந்திருக்கிறது. நடக்க ஆரம்பித்துச் சாய்ந்து சாய்ந்து போன பிறகுதான், ஏப்ரலில், தெரிந்தது. அறுத்து, உள்ளே வைத்து, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். மார்புக்குக் கீழே தொடங்கி இரண்டு கணுக்கால் வரைக்கும். கால்கள் அகல விரிந்தபடி, நடுவில் குறுக்கே ஒரு கட்டை. பன்னிரண்டு வாரம்.

"பிடி மாதிரி இருக்கேன்னு அந்தக் கட்டையப் புடிச்சுத் தூக்கிடாதீங்க" என்று கட்டுப் போட்டவர் மூன்று முறை சொன்னார்.

நம் வீட்டு வாசல் இவ்வளவு குறுகலா? நேராகத் தூக்கி நுழைந்தால் அவள் பாதம் நிலையில் இடிக்கிறது. பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே வர முடிகிறது.

ஜூன் 11

சின்ன டயப்பரைக் கட்டுக்குள் செருகி, அதன்மேல் பெரியதைச் சுற்ற வேண்டும். ஒரு சொட்டு உள்ளே போனாலும் நாற்றம் போகாது. மனைவி நான்கு நிமிடத்தில் முடிக்கிறாள். நான் இருபது நிமிடம். "ஊசில நூல் கோக்கற கை, இதுக்கு மட்டும் நடுங்குது" என்றாள்.



ஜூன் 15, ஞாயிறு

எந்தச் சட்டையும் கட்டுக்கு மேல் ஏறவில்லை. முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்து, ஒட்டு நாடா வைத்து ஐந்து கவுன் தைத்தேன். கட்டின் சொரசொரப்பான விளிம்புக்கும் மெல்லிய துணியில் கரை போட்டேன். மனைவி தடவிப் பார்த்து, "அளவு எடுத்தா மாதிரி இருக்கு" என்றாள்.

அளவு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு—

வேண்டாம். இங்கே கூட எழுத வரவில்லை.

ஜூன் 22

மனைவியின் அக்கா வந்திருந்தார். நல்ல மனுஷி, வாய்தான் முந்திக்கொள்ளும். "ஆறு மாசத்துலயே பாத்திருந்தா வெறும் வார் மாட்டியே சரி பண்ணியிருக்கலாமாமே?" என்றார். அதையேதான் டாக்டரும் முதல் நாள் சொன்னார்.

மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் வெகு நேரம் திறந்தே இருந்தது.

அக்கா போன பிறகு சொன்னாள்: "தெனமும் எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டினது நான்தானே. இந்தக் கையில கண்ணு இல்லையா?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன். "விடு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஜூன் 23

இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 6

பலகை ஒன்றுக்கு நான்கு சக்கரம் மாட்டி, மேலே மெத்தை தைத்துப் போட்டேன். குப்புறப் படுத்துக் கையால் தரையைத் தள்ளிக்கொண்டே வீடு முழுக்க ஓட்டுகிறாள் பொடிசு. சுவர், அலமாரி, என் முழங்கால் எதையும் விடவில்லை. "வீட்டுக்குள்ள லாரி விட்டுட்டீங்க, இனி யாரு காலுக்கும் உத்தரவாதம் இல்ல" என்று மனைவி சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

பட்டன் டப்பாவைக் கொடுத்தால் ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. கலர் கலராகப் பிரித்து, "அப்பா, சோறு" என்று ஊட்டுகிறாள்.

ஜூலை 17

காலையிலிருந்து காய்ச்சல். கட்டுக்குள்ளிருந்து அழுகிய வாடை. தொட விடவில்லை. மருத்துவமனைக்கு ஓடினோம்.

வயிற்றுப் பக்கம் மாவுக்கட்டைச் சதுரமாக ஜன்னல் போல வெட்டினார்கள். உள்ளே சட்டை பட்டன். வெள்ளை, நாலு கண். அது அழுத்திய இடத்தில் தோல் அழுகி, குழியாக, சீழ்.

என் கடைப் பட்டன். நான் கொடுத்த டப்பா. சின்னப் பிள்ளைக்குப் பட்டனைக் கொடுப்பானா ஒருத்தன்? புத்தி எங்க போச்சு எனக்கு?

திரும்பி வரும் வழியில் மனைவி மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்க கடைக்குப் போயிடுறீங்க. நான்தான் பாத்துட்டு இருந்திருக்கணும். இதையும் கவனிக்காம விட்டுட்டேன்."

இதையும். அந்த 'உம்' என்னைக் கொன்றுவிட்டது.

ஜூலை 18

சொல்லிவிட்டேன்.

பொடிசுக்குப் பதினொரு மாதம் இருக்கும்போது முதல் பிறந்த நாளுக்கென்று ஒரு கால்சட்டை தைத்தேன். போட்டு நிற்க வைத்துப் பார்த்தால் இடது கால் துணி மட்டும் தரையில் இழுபட்டது. வெட்டில் பிசகு என்று நினைத்து அளந்தேன். துணி சரி. குழந்தையை அளந்தேன். இடது கால் அரை அங்குலம் குட்டை. உதைக்கிறாள், டேப் நழுவியிருக்கும் என்று மறுபடி அளந்தேன். அரை அங்குலம்.

வளர்ற பிள்ளை, சரியாயிடும்னு மடிச்சுத் தச்சேன். மடிப்பே தெரியாத மாதிரி. அதுதானே என் தொழில்.

யாரிடமும் சொல்லவில்லை. மறந்தும் போனேன். ஏப்ரலில் டாக்டர் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துக் காட்டியபோதுதான் ஞாபகம் வந்தது. அப்போதே காட்டியிருந்தால் அறுக்காமலே முடிந்திருக்குமோ?

மனைவி கத்தவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "மூணு மாசமா என்னையே நான் திட்டிட்டு இருந்தேன். நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தீங்க."

 

ஜூலை 25

"அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு." பொடிசு வழியாகத்தான் எனக்குச் செய்தி வருகிறது. அதுவும் "அப்பா, சாப்பு" என்று பாதியாக.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பொடிசை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கட்டோடு கனம் அதிகம்; இரண்டு பேர் வேண்டும். தோளுக்கு அடியில் மனைவியின் கை, இடுப்புக்கு அடியில் என் கை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்கிறாள். அவள் வாயிலிருந்து எனக்கென்று வருவது அந்த மூன்று சொல்தான். காத்திருந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 26

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். வெட்டுகிற மிஷின் சத்தத்தில் பொடிசு அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

உள்ளே இருந்தவை கால்களா? குச்சி. தோல் செதில் செதிலாக உரிகிறது. பொடிசு அவற்றை யாருடையதோ போலப் பார்த்தாள். பிறகு வயிற்றைத் தடவி, "என் கட்டு எங்க?" என்று தேம்பினாள்.

எலும்பு குழியில்தான் இருக்கிறது. ஆனால் உருண்டைக்கு ரத்த ஓட்டம் சரியாகப் போகவில்லையாம். "இந்தக் கால் கொஞ்சம் குட்டையாவே நிக்கலாம். பெரியவளானதும் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம்" என்றார் டாக்டர்.

"நடப்பாளா?" என்றாள் மனைவி.

"நடப்பா. சாய்ஞ்சு நடப்பா."

"பதினொரு மாசத்துல வந்திருந்தா, டாக்டர்?"

அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்திலிருந்து எடுத்து உறையில் போட்டார். "அத இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 14

உட்காருகிறாள். நிற்க வைத்தால் கால் துவண்டு மடிகிறது. மனைவி தினமும் வெந்நீரில் உட்கார வைத்துக் காலை மடக்கி நீட்டுகிறாள். நான் கதவோரம் நிற்கிறேன். துண்டு கேட்டால் கொடுப்பேன். கேட்பதில்லை, கை நீட்டுகிறாள்.

செப்டம்பர் 30

பொடிசு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணும் வரை நின்றாள். இடது குதிகால் தரையைத் தொடவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

கடையில் கூட்டம். போன் அடித்தது. வீட்டிலிருந்து.

"சொல்லு" என்றேன். மனைவி போனைத் தரையருகே பிடித்திருக்கிறாள் போல. ஒரு பாதம் தரையில் விழும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று, மெதுவாக. மறுபடி. ஒன்று அழுத்தமாக, ஒன்று லேசாக. அழுத்தமாக, லேசாக. தொப்பென்று விழுந்த சத்தம். பொடிசின் சிரிப்பு.

"கேட்டுச்சா?" மனைவியின் குரல்.

"கேட்டுச்சு. சாயுதா?"

"சாயுது" என்றாள். "சீக்கிரம் வாங்க."

காத்திருந்தவர்களிடம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.